தோன்றா எழுவாய்

இலக்கியம் பேசும் இடத்தில் பழைய கார் ஒன்றைப் பற்றி எழுதப் புகுந்தமைக்கு நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் இலக்கணம் கற்பித்து வரும் நமக்கு, ஒரு தொடரில் இல்லாதது எது என்று கண்டுபிடிக்கத் தெரியும் என்றொரு செருக்கு இருந்தது. சென்ற ஆடி மாதம் அச்செருக்கு அடங்கிற்று.

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் நம் வீடு. வாசல் வேப்பமரத்தடியில் நிற்பது 1968-ஆம் ஆண்டின் அம்பாசடர், மார்க் 2. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வார்ப்பில் 1957-இல் பிறந்து, 2014-இல் உத்தரபாராவில் உற்பத்தி நின்றுபோன குலத்தைச் சேர்ந்தது. தந்தையார் அதனை 1980-களில் பழைய வண்டியாக வாங்கினார். அவர் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தின் பணிமனையில் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றவர். அகவை 81. மூன்றாண்டுகளாக மறதி நோய். காலையில் உண்டதை நண்பகலில் மறப்பார். தம்பியைப் பேரனின் பெயரிட்டு அழைப்பார். "பென்ஷன் வந்துருச்சா?" என்று ஒரே நாளில் பத்து முறை கேட்பார்.

சோழவந்தானில் உறவினர் வீட்டு விழாவுக்குச் சென்று இரவில் திரும்பும்போதுதான் தொல்லை தொடங்கியது. பரவையைக் கடக்கையில் முன்விளக்குகள் மஞ்சளாய் மங்கின. ஹாரன் சளி பிடித்த குரலில் முனகியது. இக்னிஷன் சாவிக்கருகே உள்ள சிவப்பு விளக்கு, அணைய வேண்டிய வேகத்திலும் அணையாமல் மங்கலாக எரிந்துகொண்டே வந்தது. மறுநாள் காலை ஸ்டார்ட்டர் உறுமிவிட்டு ஓய்ந்தது. அம்பாசடருக்கு முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றும் வசதி உண்டு என்பதால் மானம் பிழைத்தது.

வந்து பார்த்த முதல் எலக்ட்ரீசியன் "பேட்டரி செத்துருச்சு சார்" என்றார். புதிய பேட்டரி வாங்கினோம். பத்து நாள் ஓடிற்று. பின் பழைய கதை. இரண்டாமவர் "டைனமோ வீக்கு" என்று அதைக் கழற்றிக் கார்பன் பிரஷ் மாற்றிக் கொடுத்தார். மூன்றாமவர் "கட்-அவுட் போயிருச்சு" என்று அதனையும் மாற்றினார். இவர்களில் எவரையும் குறை கூற நமக்கு மனமில்லை. இன்றைய கார்களில் டைனமோவே கிடையாது. இவ்வண்டியைத் தொட்டதே அவர்கள் செய்த உதவி. பதினாலாயிரம் ரூபாய் செலவாயிற்று. வண்டி மட்டும் ஹேண்டிலுக்கே கட்டுப்பட்டது.

மூவரும் வந்தபோதெல்லாம் தந்தையார் திண்ணையிலிருந்து ஒன்றையே சொன்னார்: "எர்த்தைப் பாரு."

"சரிப்பா, பாக்குறோம்" என்றோம். உண்ணும்போதும் சொன்னார், உறங்கப் போகும்போதும் சொன்னார். பென்ஷன் கேள்வியோடு இதனையும் சேர்த்து வைத்தோம். ஒன்றைப் பத்து முறை சொல்பவரின் சொல்லுக்குப் பொருளிராது என்று நமக்குள் தீர்மானித்துவிட்டிருந்தோம். இதை எழுதும்போதே கூசுகிறது.

தம்பி விற்றுவிடலாம் என்றான். ஞாயிறன்று வண்டியைப் பார்க்க ஒருவர் வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை மாலை வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தோம். தந்தையார் தாமே வந்து முன்னிருக்கையில் அமர்ந்தார். அவரை இறக்கிவிட மனமின்றி, அருகமர்ந்து ஸ்டார்ட்டரை இரண்டு மூன்று முறை இயக்கினோம். அது உறுமிற்று. அவர் கை நீட்டிச் சோக் குமிழைப் பிடித்தார்.

"சுடுது பாரு."

தொட்டோம். உண்மையாகவே சுட்டது. எரியாத இஞ்சினின் சோக் குமிழ் எதற்குச் சுட வேண்டும்?

அப்போது அவர் பேசிய பேச்சு, முப்பதாண்டுகளுக்கு முன் பணிமனையில் பேசியிருக்கக்கூடிய பேச்சு. "இஞ்சின் ரப்பர் மேல ஒக்காந்திருக்குடா. கரண்டு போனாப் பத்தாது, திரும்பி வரணும்ல? எர்த் பட்டை விட்டுப்போச்சுன்னா சோக் கேபிள் வழியாத்தான் வரும். அது எவ்வளவு தாங்கும்?"

நண்பர்களுக்கு விளக்கமாகச் சொல்கிறோம். அதிர்வு தெரியாதிருக்க இஞ்சினை ரப்பர்த் துண்டுகளின் மேல் அமர்த்துவார்கள். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே இஞ்சினையும் வண்டியின் உடலையும் பின்னல் பட்டை ஒன்றால் இணைப்பார்கள். டைனமோவும் ஸ்டார்ட்டரும் இஞ்சினோடு பொருத்தப்பட்டவை. இரண்டின் மின்சாரமும் அப்பட்டை வழியாகவே சுற்றை நிறைவு செய்யும். அது கெட்டால், மின்சாரம் இஞ்சினைத் தொடும் வேறு இரும்புக் கம்பிகளில் வழி தேடும். மெல்லிய சோக் கேபிளில் ஸ்டார்ட்டரின் மின்சாரம் ஓட முயன்றால் அது சுடாமல் என்ன செய்யும்? ஸ்டார்ட்டர் முனகும், சார்ஜ் குறையும், பழியோ பேட்டரிக்கும் டைனமோவுக்கும் போய்ச் சேரும்.

தந்தையார் சொன்னபடி ஜம்பர் ஒயரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும், மறுமுனையை இஞ்சின் பிளாக்கிலும் மாட்டினோம். ஸ்டார்ட்டரை இயக்கினோம். பல வாரங்களாக முனகிய வண்டி ஒரே உதறலில் கிளம்பிற்று. தெருப் பிள்ளைகள் கை தட்டினார்கள்.

பிறகு ஜம்பரை எடுத்துவிட்டு, விளக்குகளை எரியவிட்டு, இஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, பிளாக்கிற்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே மீட்டர் வைத்தோம். 0.2 வோல்ட்டைத் தாண்டாதிருக்க வேண்டிய இடத்தில் 1.8 காட்டிற்று. சுமையில்லாமல் சோதித்தால் இக்குறை தெரியாது. மின்சாரம் ஓடும்போதுதான் வெளிப்படும். டைனமோவைத் தனியே சோதித்தவருக்கு அது நன்றாகத் தோன்றாமல் போனது எப்படி என்பதை இனிக் கேட்டுப் பயனில்லை.

வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தோம். பட்டை இருந்தது. அதன் முனைக்கும் உடலுக்கும் நடுவே கருந்தார். சென்ற மழைக்காலத்திற்கு முன், துரு பிடிக்காதிருக்கட்டும் என்று அடிப்பாகத்திற்குத் தார்ப்பூச்சு அடிக்கச் சொன்னவர் யார்? நாமே. பட்டையைக் கழற்றிப் பூசிவிட்டு, பூச்சின் மேலேயே மறுபடி முடுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் மறைகள் வழியே கொஞ்ச காலம் தொடர்பு இருந்தது. மழைநீரில் துரு ஏறி அதுவும் போயிற்று. வண்டியைக் காக்க நாம் செய்ததே வண்டியைக் கெடுத்திருக்கிறது. உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து முடுக்கினோம். மீட்டர் 0.1-க்கு இறங்கியது. நடுத்தர வேகத்தில் பேட்டரி முனைகளில் 14.1 வோல்ட் வந்தது. செலவு: உப்புத்தாள் ஒன்று.

பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு நாம் கற்ற வரிசையைச் சொல்லிவிடுகிறோம். முதலில் ஃபேன் பெல்ட்டின் இறுக்கத்தையும் பேட்டரி முனைகளின் தூய்மையையும் பாருங்கள். ஓய்விலிருக்கும் நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். அடுத்தது எர்த். அதன் பின்னரே டைனமோ: அதன் டி, எஃப் முனைகளின் ஒயர்களைக் கழற்றி, இரு முனைகளையும் ஒன்றாக இணைத்து, அவற்றிற்கும் டைனமோவின் உடலுக்கும் இடையே மீட்டர் வைத்து, இஞ்சின் வேகத்தை மெல்ல உயர்த்தினால் வோல்ட் தடுமாறாமல் ஏற வேண்டும். 20-ஐத் தொட விடாதீர்கள். இதில் தேறினால் கடைசியாகக் கட்-அவுட். டைனமோ மெதுவோட்டத்தில் சார்ஜ் ஏற்றாது என்பதையும் நினைவில் வையுங்கள். அது குறையன்று, அதன் இயல்பு.

வகுப்பில் தோன்றா எழுவாய் நடத்துகிறோம். "வந்தான்" என்றால் வந்தவன் தொடரில் இல்லை. ஆயினும் அவனின்றிப் பொருள் இல்லை. எர்த் என்பதும் அத்தகையதே. சிவப்பு ஒயரையும் கறுப்புப் பெட்டியையும் எல்லோரும் பார்க்கிறோம். மின்சாரம் திரும்பிவரும் வழியை எவரும் பார்ப்பதில்லை. திண்ணையில் ஒருவர் அதைத்தான் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிறன்று வர இருந்தவரை வரவேண்டாம் எனத் தம்பியே தொலைபேசியில் சொல்லிவிட்டான். திங்கள் காலை தந்தையார் கேட்டார்: "வண்டி சார்ஜ் ஏறுதா?"

"ஏறுதுப்பா. எர்த்துதான் போயிருந்துச்சு."

"யாரு கண்டுபிடிச்சா?"

"நீங்கதாம்பா."

"நானா?" என்று நம்பாமல் சிரித்தார். செவ்வாயன்றும் கேட்டார், புதனன்றும் கேட்டார். ஒவ்வொரு முறையும் அதே விடையைச் சொல்லி, அதே சிரிப்பைப் பெற்றுக்கொள்கிறோம்.

இரண்டு நாளாக, "போர் மோட்டார் சத்தம் மாறிருக்கு" என்கிறார். நாமும் இல்லத்தரசியாரும் காது கொடுத்துக் கேட்டோம், ஒன்றும் தெரியவில்லை. எனினும் ஞாயிறன்று ஆள் வரச் சொல்லியிருக்கிறோம்.