இரு முனையும் இணங்குக

தமிழாசிரியனுக்குக் கணினி வலையமைப்பில் என்ன அலுவல் எனப் பழைய மாணவ அன்பர் சிலர் வினவக்கூடும். நூலகப் பொறுப்பு என்னிடம் இருத்தலால், அங்குள்ள கணினிகளின் நலந்தீங்கும் என் கவலையாயிற்று.

2023ஆம் ஆண்டில், உயர்தர மாணவருக்கென முன்னைய வினாத்தாள்களைக் கணினிக் கூடத்துச் சேவையகத்திற் சேர்த்து வைத்தோம். நூலகத்திலிருந்து அவற்றைப் பெற முயன்ற மாணவர், தாள் திரையில் தோன்றுமுன் பொறுமையிழந்து எழுந்து சென்றனர். சிறு செய்திகள் தடையின்றிச் சென்றன. பெருங் கோப்புகளோ நத்தையென ஊர்ந்தன. ஆளி பழுதுற்றது, புதியது வாங்குக என்றனர் சிலர். அதற்கென எஞ்சியிருந்ததோ நூல் வாங்க ஒதுக்கிய பணமே.

ஆளி என்று ஈண்டுக் குறித்தது விளக்கேற்றும் ஆளியன்று. பல கணினிகளின் வடங்களை ஏற்று, ஒவ்வொரு செய்தியையும் உரிய துறைவழி அனுப்பும் கருவி. ஈதர்நெற் எனும் இம்முறை 1973ஆம் ஆண்டு அமெரிக்காவில், செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ற்றோ ஆய்வகத்திற் பிறந்தது. அந்நாளில் ஒரே வடத்தைப் பலர் பகிர்ந்தனர். ஒருவர் பேசுங்கால் ஏனையோர் வாளாவிருத்தல் வேண்டும்; இருவர் ஒருங்கே பேசின் மோதல் நிகழும். இஃது அரை இருவழி. ஆளிகள் வந்து தனித்தனி வடம் அமைந்தபின், ஒரே வேளையிற் பேசவும் கேட்கவும் இயன்றது. இது முழு இருவழி. வேகத்தையும் வழியையும் இரு முனைகளும் தாமே பேசி இணங்கும் தானியங்கு முறை 1995ஆம் ஆண்டு நியமத்தில் இடம்பெற்றது.

எம் இளம் ஆசிரியர் ஒருவர் ஆளியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து காட்டினார். நூலகத்துக்குரிய துறையிற் பிழையுற்ற செய்திகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டேயிருந்தது. முன்னர் எவரோ அத்துறையை 100 மெகாபிற்று, முழு இருவழி எனப் பூட்டியிருந்தனர். அவ்வாறு பூட்டிய முனை இணக்கப் பேச்சுக்கு விடையிறுக்கவில்லை. தானியங்கு நிலையிலிருந்த நூலகத்து ஆளி, வந்த குறியைக் கொண்டு வேகத்தை அறிந்தது. வழியை அறிய வகையின்மையால், நியமப்படி அரை இருவழியைக் கொண்டது. ஒரு முனை தயங்காது பேச, மறுமுனை அதனை மோதலெனக் கருதித் தன் சொல்லை இடையில் முறித்தது. துறையைத் தானியங்கு நிலைக்கு மாற்றினோம். பிழைகள் நின்றன, தாள்கள் விரைந்து வந்தன, ஒரு சதமும் செலவாகவில்லை.

நிலைமொழியின் ஈற்றையும் வருமொழியின் முதலையும் ஒருங்கு நோக்காது புணர்ச்சி விதி கூறலாகாது என்று வகுப்பிற் கற்பிக்கிறோம். வடத்துக்கும் அதுவே விதி. இரு முனைகளையும் தானியங்கு நிலையில் விடுக. ஒன்றைப் பூட்ட நேரின், மற்றதையும் அவ்வாறே பூட்டுக. பூட்டியதை ஏட்டிற் பதிக.

மாணவரே, கருவியைக் குறைகூறுமுன் அதன் அமைப்பைப் படியுங்கள். கருவிகளை அன்பளிப்புச் செய்யும் பழைய மாணவ அன்பர்களே, அவற்றின் அமைப்புக் குறிப்பையும் உடன் தந்துதவுங்கள். அன்று மிஞ்சிய பணத்தில் வாங்கிய நூல்கள் நூலக அலுமாரியில் உங்கள் வருகையை எதிர்நோக்கியுள்ளன.