பரீராவின் மறுப்பு



2020 மே மாதம் கோயம்பேடு காய்கறிச் சந்தை எங்கள் திருமழிசைக்குத் தற்காலிகமாக மாற்றப்பட்டது. பிள்ளைகளின் பாடங்கள் கைபேசிக்கு மாறியதும் அந்த ஆண்டில்தான். சில மாதங்களில் சந்தை திரும்பிப் போய்விட்டது. கைபேசி எங்கள் மாணவியரின் கையிலேயே தங்கிவிட்டது.

அண்மையில் மதரஸாவில் பதினைந்து வயது மாணவி ஒருத்தி, தான் விரும்பிப் படிக்கும் சித்திரக் கதையைக் காட்டினாள். கொரியாவில் தோன்றிய ‘வெப்டூன்’ வகை. விரலால் தள்ளத் தள்ளப் படங்கள் விரிந்துகொண்டே செல்லும். கண்டிப்பதற்கு முன் படித்துவிடுவோம் என்று பன்னிரண்டு அத்தியாயங்களைப் படித்தேன். ஓவியங்கள் அழகானவை, அதை மறைப்பானேன்? நாயகன் அவளைப் பின்தொடர்கிறான். மணிக்கட்டைப் பற்றி இழுக்கிறான். அவளுடைய அண்ணனைப் பழிவாங்குவதற்காக மிரட்டி மணக்கிறான். பிறகு அவனுடைய சிறுவயதுத் துயரம் ஒன்று காட்டப்படுகிறது. உடனே அவள் காதலிக்கத் தொடங்கிவிடுகிறாள். ஏன் மனம் மாறினாள் என்பதற்கு ஒரு படம்கூட இல்லை. அவள் வேண்டாம் என்று சொன்னதைக் கதாசிரியரே கேட்கவில்லை போலும். தமிழ்த் திரைப்படங்களுக்கும் இது புதிதன்று. என் இளமையில் மாத நாவல்களில் இத்தகைய நாயகர்களை நானும் ரசித்தவள்தான்.

மறுநாள் ஸஹீஹுல் புகாரியிலுள்ள பரீரா (ரலி) அவர்களின் செய்தியைப் பாடமாக எடுத்தேன். அடிமைத் தளையிலிருந்து விடுதலை பெற்ற அவருக்கு, அடிமையாக இருந்த கணவர் முகீஸ் (ரலி) அவர்களுடன் வாழ்வதா பிரிவதா என்று முடிவுசெய்யும் உரிமை கிடைத்தது. பிரிந்தார். முகீஸ் தாடி நனைய அழுதபடி அவர் பின்னே நடந்தார். நபி (ஸல்) அவர்களே பரீராவிடம், திரும்பிச் செல்லலாமே என்றார்கள். இது கட்டளையா என்று பரீரா கேட்டார். பரிந்துரை மட்டுமே என்றார்கள். அப்படியானால் தமக்கு அவர் தேவையில்லை என்றார் பரீரா. அத்துடன் பேச்சு முடிந்தது.

“அவர் அவ்வளவு அழுதாரே, பாவமில்லையா ஆலிமா?” என்றாள் அந்த மாணவி.

“பாவம்தான் அம்மா. அதற்காக அவர் திரும்பிப் போயிருக்க வேண்டுமா?”

பதில் இல்லை. அஸர் தொழுகைக்குப் பின் மற்றவர்கள் சென்றதும் அருகே வந்தாள். பேருந்து நிறுத்தத்திலிருந்து ஒரு பையன் இரண்டு மாதங்களாகப் பின்தொடர்கிறான் என்றாள். ஒருநாள் அழுதானாம். கெட்டவனாகத் தெரியவில்லையாம்.

“உனக்கு விருப்பமா?” என்றேன்.

இல்லை என்று தலையசைத்தாள். அன்று அவளுடன் வீடுவரை நடந்தேன். தன் தாயிடம் அவளே பேசினாள்.