வாப்பாவின் வயலும் யானைகளின் வழியும்



எங்கள் நானா ஓட்டமாவடியில் கலியாணம் முடித்தவர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போவது வழக்கம். தோப்பூரிலிருந்து கரையோர வீதியால் போனால் இன்று நானாவின் வீடு இரண்டு மணித்தியாலத் தூரம். யுத்த காலத்தில் அந்த வீதி எங்களுக்கு இல்லாத மாதிரித்தான். கந்தளாய், ஹபரணை, பொலன்னறுவை, வெலிக்கந்தை என்று சுற்றிப் போய்ச் சேர ஒரு பகல் முடிந்துவிடும். பெருநாளைக்குக்கூட நானா வராத வருடங்கள் உண்டு.

போன விடுமுறையில் நானாவை வீட்டில் விட்டுவர ஒரு வேன் பிடித்து உடன்பிறப்புகள் நான்கு பேரும் புறப்பட்டோம். பயணம் என்பது சாட்டு. பேச வேண்டிய ஒரு விடயம் இருந்தது.

வாப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் வயல் காட்டோரம் கிடக்கிறது. போன பெரும்போகத்தில் கதிர் முற்றும் நேரம் யானைகள் இறங்கி ஒரே இரவில் பாதியை மிதித்துவிட்டன. காணியை வாங்க ஒருவர் விலையும் சொல்லியிருந்தார். விற்பதென்றால் நான்கு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும். ராத்தாவுக்கு விற்க விருப்பம். மகளுக்கு வீடு கட்ட வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் மச்சான். வயலைச் செய்வது அவர்தான். கதிர் காலம் முழுக்க பரணில், கையில் யானைவெடியோடு விழித்திருப்பவர்.

"ஒவ்வொரு ராவும் ஸுபஹு பாங்கு கேக்கும் வரைக்கும் எனக்கு நித்திரை இல்ல" என்றார் ராத்தா. வேன் சேருநுவரவைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

நானா ஒன்றும் சொல்லவில்லை. யன்னலால் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீதியில் ஈரம் காயாத யானை லத்தி கிடந்தது. சாரதி வேகத்தைக் குறைத்தார்.

இந்த வீதியால் போகிறவர்கள் கொஞ்சம் மெதுவாகப் போனால் எவ்வளவோ பார்க்கலாம். மகாவலியின் ஒரு கிளைதான் வெருகல் ஆறு. முன்பு அதைப் பாதையில் ஏறித்தான் கடக்க வேண்டும், இப்போது பாலம். கரைச் சேற்றில் ஒரு முதலை வாயைப் பிளந்தபடி கிடந்தது. கதிரவெளி, வாகரை என்று இறங்கினால் இடப்பக்கம் கடல். பனிச்சங்கேணியில் களப்புத் தண்ணீருக்கு நடுவே கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதந்தன. தம்பி எண்ணத் தொடங்கி அறுபதில் விட்டுவிட்டான்.

பார்க்க அழகுதான். ஆனால் 2006 ஆகஸ்டில் மூதூர், தோப்பூர்ச் சனம் உடுத்த உடுப்போடு கந்தளாய்க்கு ஓடியதும், அதே வருடக் கடைசியில் வாகரைத் தமிழ்ச் சனம் மட்டக்களப்புப் பக்கம் ஓடியதும் எங்களுக்கு நினைவில் வராமல் இல்லை. வாப்பாவின் வயலும் சில போகம் விதைக்காமல் கிடந்தது. பற்றை வளர்ந்தது, யானை வந்தது. நாங்கள் திரும்பி வந்து பற்றையை வெட்டினோம். யானைக்கு அது தெரியாது. அது தன் பழைய வழியில் வருகிறது, நாங்கள் எங்கள் பழைய வயலுக்கு வருகிறோம்.

வாகரை தாண்டி அஸருக்குப் பிறகு ஒரு வளைவில் வேன் நின்றது. ஒரு தாய் யானையும் குட்டியும் வீதியோரம் நின்றன. எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு லொறியும் விளக்கை அணைத்துவிட்டுப் பேசாமல் நின்றது. இருபது நிமிடம் இருக்கும். குட்டியை முன்னால் விட்டுத் தாய் கடந்தது. ராத்தா வாய்க்குள் ஓதிக்கொண்டே இருந்தார்.

"அதுவும் புள்ளயக் கூட்டிக்குத்தான் போகுது" என்றார் கடைசியில். பிறகு உடனே, "அதுக்காக என்ட புருசன ஆனைக்குக் குடுக்கேலா" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அவர் சொன்னதில் பிழை இல்லை. 2011 கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள் இருந்தன. 2023இல் மட்டும் 450க்கு மேற்பட்ட யானைகள் செத்தன. அந்த வருடம் யானை அடித்து மௌத்தான மனிதர்களும் நூற்றுக்கு மேல். யானை நடமாடும் நிலத்தில் ஏறத்தாழ 70 வீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள் என்று யானை ஆய்வாளர் பிரித்திவிராஜ் பெர்னாண்டோவும் அவருடைய குழுவினரும் எழுதியிருக்கிறார்கள். அதாவது யானையைக் காட்டுக்குள் விரட்டிப் பூட்டிவைக்கும் கதை நடக்காது. காட்டின் எல்லையில் போட்ட மின்சார வேலிகள் பல இடங்களில் பயன்படாமல் போனதற்கும் காரணம் இதுதான், வேலிக்கு இரண்டு பக்கமும் யானை நிற்கிறது.

குருநாகல் மாவட்டத்துக் கிராமங்களில் வேறு விதமாகச் செய்கிறார்கள். காட்டைச் சுற்றி அல்ல, வயலைச் சுற்றி வேலி. விதைக்கும்போது விவசாயிகளே சேர்ந்து போடுகிறார்கள், தாங்களே முறைவைத்துப் பராமரிக்கிறார்கள், அறுவடை முடிந்ததும் கழற்றி வைக்கிறார்கள். பிறகு யானை வந்து தாளை மேய்ந்துவிட்டுப் போகட்டும்.

நானாவின் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் பேசியது இதைத்தான். தனியாக மூன்று ஏக்கருக்கு வேலி போட எங்களால் ஏலாது. பக்கத்து வயற்காரர்களும் சேர்ந்தால் ஏலும். ராத்தா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று நிபந்தனை வைத்தார். மச்சான் இனித் தனியாகப் பரணில் இருக்கக் கூடாது. மகளின் வீட்டுக்கு அத்திவாரம் போடும் செலவை ஆண்மக்கள் மூன்று பேரும் இப்போதே பொறுப்பெடுக்க வேண்டும். வருகிற பெரும்போகமும் கைவிட்டால் மறுபேச்சு இல்லாமல் கையெழுத்து.

"வாப்பா இருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பார்" என்றார் நானா.

"வாப்பா காவலுக்குத் தானே போயிருப்பார், மருமகன அனுப்பியிருக்க மாட்டார்" என்றார் ராத்தா. அதற்கு எங்களில் ஒருவரிடமும் பதில் இருக்கவில்லை. இந்தப் போகம் காவல் முறையில் எங்கள் பெயர்களும் இருக்கின்றன. ஓட்டமாவடியிலிருந்து நானாவும் வெள்ளிக்கிழமை இரவுகளில் வருவார்.

பக்கத்து வயற்காரர்களில் ஏழு பேர் சம்மதித்துவிட்டார்கள். இன்னும் நான்கு பேருடன் பேச வேண்டும். இப்படி வேலி போட்டு அனுபவம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் சொல்லித் தாருங்கள், வந்து பார்க்கவும் தயார்.

அந்த வீதியால் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மஃரிபுக்குப் பிறகு மெதுவாகப் போங்கள். யானை நின்றால் ஹோன் அடிக்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். சாப்பாட்டுப் பார்சலை வீதியோரம் எறிய வேண்டாம். அம்பாறை பள்ளக்காட்டில் குப்பையோடு பிளாஸ்டிக்கைத் தின்று யானைகள் செத்த செய்தியை எல்லோரும் பார்த்தோம்.

விதைப்புக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். துஆச் செய்யுங்கள்.