ஒரு நாளின் தண்ணீர்

சலாலாவில் சாரல் பிடித்திருந்தது. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அரபிக்கடலின் மேகம் தோஃபார் மலைகளில் முட்டி நிற்கும். வளைகுடாவின் மற்ற ஊர்கள் வெந்து கிடக்கும்போது ஓமனின் இந்தத் தெற்குக் கோடி மட்டும் பச்சை பிடிக்கும். சாலையோரம் இளநீர்க் கடை, வாழைத்தார், பப்பாளி. பேராவூரணிப் பக்கத்து ஆளுக்கு அது பாதிச் சொந்த ஊர் மாதிரி. அந்தப் பக்கத்திலிருந்து போய் அங்கே ஏசி மெக்கானிக்காக இருந்த ஒருவரும் அப்படித்தான் மனசைத் தேற்றிக்கொண்டு வந்தார்.

ஊர் திரும்பும் எண்ணத்தைத் தள்ளிப்போட வைத்தது கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய அந்தப் புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளை, அவருடையதையும் சேர்த்து, வேரோடு சாய்த்துவிட்டது. நெட்டை ரகக் கன்று காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். புதுக்கன்று காய்க்கிற வரைக்கும் சலாலா என்று முடிவு செய்திருந்தார்.

மகள் போனில் அழுதபோது அந்த முடிவு கலைந்தது. அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள் அம்மா. அறைக்காரர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள், கூடவே புத்தியும் சொன்னார்கள்: "வேலையை விட்டுட்டுப் போகாத மாப்ளே, லீவு போட்டுப் போ. ஆறு மாசத்துக்குள்ள வந்துரு, இல்லேன்னா விசா போயிரும்."

விமானத்தில் வந்த நேரமெல்லாம் ஒரே நினைப்பு. கட்டிலோடு கிடப்பாள், கஞ்சி ஊட்டிவிட வேண்டும், இனி எல்லாம் தன் கையில்தான். வீட்டு வாசலில் இறங்கினால், முந்தானையைச் செருகிக்கொண்டு கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தார் மனைவி. கணவரைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "யாரு வரச் சொன்னா? கடனை எவன் கட்டுறது?"

மனைவிக்கு டயாலிசிஸ் நடந்தது அரசு ஆஸ்பத்திரியில். அதன் மேல் கணவருக்கு நம்பிக்கை கிடையாது. தனியாரிடம் மாற்றிவிடலாம் என்ற தீர்மானத்தோடுதான் அடுத்த டயாலிசிஸ் நாளில் கூடப் போனார். அங்கே மனைவி அவரை ஒரு விருந்தாளியைப் போல உள்ளே அழைத்துப் போனார். முதலில் எடை மெஷினில் ஏறினார். போன முறைக்கும் இந்த முறைக்கும் ஏறியிருக்கும் எடைதான் உடம்பில் தேங்கிய தண்ணீர். அதைப் பார்த்துத்தான் எவ்வளவு நீர் இறக்குவது என்று முடிவு செய்கிறார்கள். "இன்னைக்கு ரெண்டரை கிலோ ஏறியிருக்கு. இறக்குறப்ப கெண்டைக்கால் இழுக்கும்" என்று மனைவியே முன்கூட்டிச் சொன்னார். இழுத்தது. நான்கு மணி நேரம் ரத்தம் வெளியே போய், சுத்தமாகித் திரும்பியது. கட்டணம் இல்லை. தனியார் பேச்சை அவர் அன்றோடு விட்டுவிட்டார்.

மனைவியின் இடது முன்கையில் பிஸ்டுலா. தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்து, ஊசி குத்தத் தோதாக நாளத்தைப் பெருக்க வைக்கும் சிறு அறுவை சிகிச்சை அது. அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது. காலையில் தொட்டால் உள்ளே விர்ரென்று ஓட்டம் தெரிய வேண்டும். நின்றுபோனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மனைவி அவருடைய விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினார். கம்ப்ரஸர் அதிர்வைத் தொட்டே கோளாறு சொல்கிறவர் அவர். அந்த அதிர்வின் மேல் வைத்த விரலை எடுக்க அவருக்கு மனசே வரவில்லை.

சண்டை வந்தது இளநீரால்.

கஜாவுக்குப் பிறகு வைத்த கன்றுகளில் முதல் குலை இறங்கிய நாள். பொசுக்குகிற வெயில். மனைவி ஒரே ஒரு இளநீர் வெட்டச் சொன்னார். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் ஓய்ந்தவர்களுக்கு அது வெளியேற வழியில்லை, ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார். தண்ணீர்ச் செம்பையும் எடுத்து உள்ளே வைத்தார். அதுவரை குரல் உயர்த்தாத மனைவி வெடித்தார்: "இத்தனை வருசத்துல ஒரு வாய்த் தண்ணி மோந்து குடுத்ததில்ல. இப்ப வந்து அளந்து ஊத்துறீங்களோ?"

அதற்கு அவரிடம் பதில் இல்லை. இருந்திருக்கவும் முடியாது. மாதம் தவறாமல் பணம் வந்ததும் உண்மை, தண்ணீர் மோந்து கொடுக்க ஆள் இல்லாததும் உண்மை.

அடுத்த டயாலிசிஸ் நாளில் வராந்தா பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் அறந்தாங்கிப் பெரியவர் ஒருவர். அவர் மனைவியும் உள்ளே மெஷினில் இருந்தார். கேட்காமலே பேச ஆரம்பித்தார். "தண்ணிய நீங்க அளக்காதீங்க தம்பி. டாக்டரு சொன்ன அளவைக் காலையிலயே பாட்டில்ல புடிச்சு அவங்க கையில குடுத்துருங்க. எப்ப குடிக்கிறதுன்னு அவங்க பாத்துக்கிருவாக. பாதிய ஐஸ்கட்டியா உறைய வச்சா ஒவ்வொண்ணா சப்பிக்கிட்டு நாளைக் கடத்திரலாம்." காய்கறிக்கும் ஒரு பக்குவம் சொன்னார். பொடிசாக நறுக்கி நிறைய வெந்நீரில் ஊறவைத்து, அதை வடித்து ஊற்றிவிட்டு, வேறு தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடிக்க வேண்டும். பொட்டாசியத்தில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும்.

சலாலா அறையில் முறை போட்டுச் சமைத்த கை அவருடையது. அன்று சாயங்காலம் அடுப்படிக்குள் போனார். இரண்டு முறை வடித்த உருளைக்கிழங்கு, வதக்கிய பூண்டு, இடித்த மிளகு, உப்பில்லாத குறை தெரியாமலிருக்க இறக்கியபின் கொஞ்சம் எலுமிச்சை. டயாலிசிஸில் புரதம் வீணாவதால் அவித்த முட்டையின் வெள்ளைக் கரு இரண்டு. சாமான்களெல்லாம் இடம் மாறிக் கிடப்பதாக மனைவி திண்ணையிலிருந்தே முணுமுணுத்தார். பிறகு வந்து உட்கார்ந்து, முழுத் தட்டையும் காலி செய்தார். "இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டபோதுதான், அந்த அறையில் யார் யார் இருந்தார்கள், யாருக்கு எந்த நாள் முறை, கறி தீய்ந்தால் யார் திட்டுவார்கள் என்று அவர் சொல்ல ஆரம்பித்தார். போனில் சொல்லாத கதைகள். ராத்திரி வெகுநேரம் ஓடியது.

பாட்டில் முறை அந்த வீட்டில் நிலைத்துவிட்டது. மத்தியான வெயிலிலும் அதைத் தொடாமல், சாயங்காலக் காபிக்கென்று மிச்சம் பிடிக்கிறார் மனைவி.

லீவு முடிய வந்தது. எப்போது திரும்புகிறீர்கள் என்று கம்பெனியிலிருந்து போன். ஸ்பீக்கரில் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த மனைவி சொன்னார்: "போறதுன்னா போங்க, நான் தடுக்கல. செவ்வா, வியாழன், சனி யாரு வண்டியில கூட்டிட்டுப் போறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க." தென்னையிலிருந்து வருவது கடனுக்கு எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, அவர் மகளின் நோட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.