பீரோவின் மேல்தட்டில் ஒரு மடிக்கணினி

பழைய சேலையில் சுற்றி பீரோவின் மேல்தட்டில் வைத்திருக்கும் கறுப்பு மடிக்கணினி ஒன்றை எங்கள் மானாம்பதியிலும், உத்திரமேரூர் வட்டத்தின் பிற ஊர்களிலும் பல வீடுகளில் காணலாம். மூடியில் அரசு முத்திரை இருக்கும். வீட்டில் யாரோ ஒருவர் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஆண்டின் நினைவாக அது அங்கே இருக்கிறது. எறியவும் மனம் வருவதில்லை. எடுத்துப் பயன்படுத்தவும் பொறுமை இருப்பதில்லை.

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று, பேரறிஞர் அண்ணா பிறந்த நாளில், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை இவை. அரசுப் பள்ளி மாணவர்களோடு அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களும் இவற்றைப் பெற்றனர். ஆதலால் நம் துறவற சபையினர் நடத்தும் பள்ளிகள் பலவற்றிலும் இவை கைக்குக் கை வழங்கப்பட்டன. 2019-20 கல்வியாண்டு வரை 50 இலட்சத்துக்கும் மேற்பட்டவை வழங்கப்பட்டதாக அரசின் கணக்கு. வாக்குக்காகக் கொடுத்தார்கள் என்றவர்கள் உண்டு. வாங்கிய கையோடு விற்றுவிட்ட வீடுகளும் உண்டு. அந்த வழக்கிற்குள் நான் போகவில்லை. கொடுத்தது கொடுத்தாயிற்று. பீரோவில் இருப்பதை என்ன செய்யலாம் என்பதே என் பேச்சு.

2024 ஜூன் மாதத்தில் எங்கள் தெருவைச் சேர்ந்த ஒரு தாய் என்னிடம் வந்தார். கணவர் 2021-இல் இறந்துவிட்டார். மகன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. மகள் வணிகவியல் இளங்கலையில் இரண்டாம் ஆண்டு. கல்லூரியில் டேலி சொல்லித் தருகிறார்கள், கட்டுரைகளைத் தட்டச்சு செய்து தரச் சொல்கிறார்கள், உதவித்தொகை விண்ணப்பம்கூடக் கணினியில்தான். கைப்பேசியில் எதையும் முடிக்க முடியவில்லை என்று அந்தப் பெண் அழாத குறையாகச் சொல்கிறாளாம். கடையில் விலை கேட்டிருக்கிறார்கள்: 31,990 ரூபாய். தவணை வசதியும் உண்டு.

“சீட்டைத் தள்ளி எடுக்கலாமா, இல்லை கம்மலை வைக்கலாமா அண்ணா? நீங்க ஆபீஸ்ல இருந்தவரு, ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார்.

மனத்திற்குள் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நாளொன்றுக்கு 319 ரூபாய் ஊதியம். நூறு நாளும் குறையாமல் வேலை கிடைத்து, முழுக் கூலியும் கைக்கு வந்தால் 31,900. அந்தத் தாய் ஓராண்டு முழுவதும் ஏரிக்கரையிலும் வாய்க்காலிலும் மண் சுமந்தால்கூட அந்தப் பெட்டிக்கு இன்னும் தொண்ணூறு ரூபாய் குறையும்.

“பையனுக்குக் கொடுத்தது எங்கே?” என்று கேட்டேன்.

“அது இருக்கு அண்ணா. திறக்கவே பத்து நிமிஷம் ஆகுது. யாரும் தொடறதில்லை.” சற்றுத் தயங்கிவிட்டு, “அதைப் பிரிக்க வேணாம் அண்ணா. அவர் போட்டோ எல்லாம் அதிலதான் இருக்கு” என்றார்.

கணவரின் கைப்பேசி பழுதாகும் முன், அதிலிருந்த படங்களையும் இரண்டு மூன்று ஒளிப்பதிவுகளையும் மகன் அந்தக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறான். வேறெங்கும் படி கிடையாது. கணவரின் குரல் இருக்கும் ஒரே இடம் அந்தப் பெட்டிதான். புதிது வாங்குவதற்கு அவர் அவசரப்பட்டதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. பழையதை யாரும் கைவைக்காமல் காப்பாற்றவே இத்தனையும்.

நான் உதவிபெறும் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் நெடுங்காலம் எழுத்தராக இருந்தவன். பொறியாளன் அல்லன். ஆயினும் எங்கள் அலுவலகக் கணிப்பொறி ஒன்று இதேபோல் நோயுற்று, சிறு செலவில் எழுந்து நடமாடியதைக் கண்ணால் கண்டவன். அதனால் அன்று மாலையே அவர்கள் வீட்டிற்குப் போய் அதைத் திறந்து பார்த்தேன். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் விண்டோஸ் தன் உள்வேலையைத் தானே காட்டும். செயலி என்ற பத்தியில் இருபது விழுக்காடுகூட இல்லை. வட்டு என்ற பத்தியில் நூறு. நெடுநேரம் பார்த்திருந்தேன், நூறிலிருந்து அது இறங்கவேயில்லை.

இதன் பொருளை நம் வாசகர்களுக்குத் தெரிந்த இடத்தில் வைத்துச் சொல்கிறேன். பங்கு அலுவலகத்தில் திருமுழுக்குப் பதிவேடுகள் அலமாரி நிறைய இருக்கின்றன. ஒரே நாளில் இருநூறு பேர் சான்று கேட்டு வருகிறார்கள். ஒவ்வொருவருடைய பதிவும் ஒவ்வோர் ஆண்டின் ஏட்டில் இருக்கிறது. எழுதுகிறவர் கெட்டிக்காரர், ஒரு நிமிடத்தில் சான்று எழுதிவிடுவார். ஏட்டை எடுத்து வருபவரோ முதியவர், ஒவ்வொன்றுக்கும் எழுந்து, நடந்து, தேடி, திரும்பி வரவேண்டும். வரிசை வாசல் தாண்டி நிற்கும். வெளியே நிற்பவர்கள் எழுத்தரைத்தான் திட்டுவார்கள். பழைய மடிக்கணினியின் ஹார்டு டிஸ்க் அந்த முதியவரே. உள்ளே ஒரு வட்டு நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்கிறது. ஒரு சிறு கை அதன்மேல் அங்குமிங்கும் ஓடிப் படிக்கிறது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்குப் போகும் நேரமே அதன் சாபம். நொடிக்கு நூறு இடங்களுக்குப் போய்வந்தால் அது பெரிய காரியம். எஸ்.எஸ்.டி. என்று கடைகளில் சொல்லும் புதுவகைச் சேமிப்பகத்தில் சுழலும் பாகமே இல்லை. அது நொடிக்குப் பல்லாயிரம் இடங்களிலிருந்து எடுத்துத் தரும்.

இன்னொன்று, மேசை. எழுத்தரின் மேசை பெரிதாக இருந்தால் பத்து ஏடுகளை விரித்து வைத்துக்கொள்ளலாம். சிறிதானால் ஒன்றை மூடி அலமாரிக்கு அனுப்பிய பிறகே அடுத்ததை வாங்கமுடியும். ‘ராம்’ என்பது அந்த மேசை. அந்தக் கணினியில் இருந்தது 4 ஜி.பி. இன்றைய இணைய உலாவியும் நச்சுநிரல் தடுப்பும் அமர்ந்தாலே அந்த மேசை நிறைந்துவிடும். நிறைந்தால் மறுபடியும் அலமாரிக்கு நடை. இரு குறைகளும் ஒன்றையொன்று வளர்த்தன.

எழுத்தருக்கு ஒரு குறையும் இல்லை. அவரை வேலையிலிருந்து நீக்கி, 31,990 ரூபாய்க்குப் புதிய எழுத்தரை அமர்த்துவானேன்?

மலிவான புதியதும் உண்டே என்று கேட்கலாம். அப்பெண்ணும் கேட்டாள்: “மாமா, பதினாறாயிரத்துக்கே ஒண்ணு இருக்காமே?” இருந்தது. ஜியோ நிறுவனம் 2023 ஜூலை இறுதியில் அறிவித்த ஜியோபுக் 16,499 ரூபாய். 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. சேமிப்பு, அந்நிறுவனத்தின் சொந்த இயங்குதளம். பாடம் பார்க்கவும் கட்டுரை எழுதவும் மட்டும் வேண்டுவோருக்கு அது ஒரு வழி. டேலியோ விண்டோசில் இயங்குவதற்காக எழுதப்பட்டது. தவிரவும், இந்த விலைக்கு வரும் சாதனங்கள் பலவற்றில் ராமும் சேமிப்பும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்கிய அன்று உள்ள அளவே கடைசிவரை. விலை உயர்ந்தவற்றிலும் ஒட்டிவிடுகிறார்கள்தான். ஆனால் அங்கே முதலிலேயே தாராளமாக வைத்து ஒட்டுகிறார்கள். கைப்பணம் சிறிது சிறிதாகச் சேர்கிறவர்களுக்குத்தான் பின்னாளில் கூட்டிக்கொள்ளும் வசதி வேண்டும். அவர்கள் வாங்கும் பொருளில்தான் அது இல்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நம் அரசு கொடுத்த பெட்டியின் சிறப்பு அது சாதாரணமானது என்பதே. அதே 2011 அக்டோபரில் தில்லியில் ‘ஆகாஷ்’ என்ற கைக்கணினி, உலகிலேயே மலிவானது என்ற பெரும் முழக்கத்தோடு வெளியானது. இன்று அதை யாரிடம் காண்கிறோம்? எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்தவையோ கடைகளில் விற்கும் அதே வகையைச் சேர்ந்தவை. கீழ்ப்பக்கம் திருகுகள் உண்டு, கழற்றி மாட்டும் பாகங்கள் உண்டு. காஞ்சிபுரத்தில் நாங்கள் போன பழுதுபார்க்கும் கடையின் இளைஞர், தொழிலைக் கற்றதே இந்தப் பெட்டிகளைப் பிரித்துத்தான் என்றார்.

அங்கே போகும் முன் செய்யவேண்டியது ஒன்று இருந்தது. முதல் வேலையாக அந்தப் படங்களையும் ஒளிப்பதிவுகளையும் ஒரு பென் டிரைவில் படியெடுத்தோம். மகனின் கைப்பேசியில் இன்னொரு படி. இதற்கே இரண்டு மணி நேரம் ஆயிற்று. வட்டு அவ்வப்போது ‘டக் டக்’ என்று ஒலித்தது. அந்த ஒலி நல்லதன்று. எவர் வீட்டிலும் பழைய கணினியை அது கேட்டால், மற்ற வேலையை நிறுத்திவிட்டு உள்ளே இருப்பதை முதலில் வெளியே எடுக்கவேண்டும். தொடாமல் வைத்திருந்தால் படங்கள் பத்திரமாக இருக்கும் என்று அந்தத் தாய் நம்பியிருந்தார். ஹார்டு டிஸ்க்கோ பயன்படுத்தாமல் கிடந்தாலும் ஒருநாள் நின்றுபோகக் கூடியது. ஒளிப்பதிவு ஒன்று நடுவே தானாக ஓடத் தொடங்கி, அந்த மனிதர் மாட்டை அதட்டும் குரல் கேட்டது. தாய் அடுப்படிக்குப் போய்விட்டார். நாங்கள் பேசாமல் வேலையைத் தொடர்ந்தோம்.

கடைக் கணக்கு இது: 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. 1,650 ரூபாய், முன்பு பயன்படுத்திய 8 ஜி.பி. ராம் 1,100, புதிய பேட்டரி 1,800, கூலி 400. ஆக 4,950. தூசி தட்டி, காற்றாடியைத் துடைத்துக் கொடுத்ததற்குத் தனியே வாங்கவில்லை. கழற்றிய பழைய வட்டை ஒரு சிறு உறையில் போட்டுத் தந்தார், அதற்கு 300. விண்டோசுக்கும் செலவில்லை. அப்பெட்டியோடு வந்த உரிமம் தாய்ப்பலகையோடு பிணைந்தது; சேமிப்பகம் மாறினாலும் போகாது. இது தெரியாமல் பலர் திருட்டுப் பிரதிக்குக் காசு கொடுக்கிறார்கள். டேலியும் கற்போருக்கு இலவசம்: மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளுக்கு மட்டுமே பதிவுபோட விடும், கற்றுக்கொள்ள அது போதும். வியாபாரமெல்லாம் மாதத்தில் மூன்றே நாள் நடக்கும் அந்த விந்தைக் கடையின் கணக்கை அப்பெண் இப்போது அழகாக எழுதுகிறாள்.

வீட்டிற்கு வந்து பொத்தானை அழுத்தினால், அரை நிமிடத்திற்குள் திறந்தது. சீட்டும் தள்ளவில்லை, கம்மலும் காதிலேயே இருந்தது.

எல்லாப் பெட்டிக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். திரை உடைந்தவை, கீல் பெயர்ந்தவை, தாய்ப்பலகை பழுதானவை ஆகியவற்றிற்குச் செலவு செய்வது வீண். திட்டத்தின் முதல் ஆண்டுகளில் வந்தவற்றை நம்பி நான் பணம் போடமாட்டேன். புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நிறுத்திவிடுவது என் கணக்கு. கடைக்காரரிடம் கொடுக்கும் முன் அந்த மூன்று விசைகளை அழுத்திப் பார்க்க மட்டும் செலவே இல்லை.

இன்னொரு தடையும் இருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு உள்ளதை அறிவோம். குடவோலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது வேண்டும், கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும் என்று தகுதிகள் அங்கே அடுக்கப்பட்டுள்ளன. 2021-இல் வந்த விண்டோஸ் 11-உம் அப்படியொரு தகுதிப் பட்டியலோடு வந்தது. இன்ன தலைமுறைச் செயலி வேண்டும், இன்ன பாதுகாப்புச் சில்லு வேண்டும். எங்கள் பெட்டி எழுபது கடந்த முதியவராய்ப் பட்டியலுக்கு வெளியே நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. வேலை செய்துகொண்டிருக்கும் கோடிக்கணக்கான கணினிகள் உலகெங்கும் ஒரே நாளில் முதியோர் ஆயின. பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் வரை ஓராண்டு கூடுதலாகக் கிடைக்கும் என்று மைக்ரோசாப்ட் அறிவித்ததால், அப்பெண் பதிவு செய்துகொண்டாள். அதற்குள் அவளது மூன்றாண்டுப் படிப்பும் முடிந்துவிடும். பிறகு அதில் லினக்ஸ் ஏற்றிக் கொடுக்க எண்ணியிருக்கிறோம். சிடாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸ், முதல் நாளிலிருந்தே அரசுப் பெட்டிகளில் விண்டோசுக்குப் பக்கத்தில் இருந்ததுதான். அன்று எவரும் அதைத் திறந்து பார்த்ததில்லை.

2025 மார்ச்சில் தமிழக நிதிநிலை அறிக்கை, கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்தது. அப்படி ஒன்று கைக்கு வரும் வீட்டில், அதைத் திருப்பிக் கீழ்ப்பக்கத்துத் திருகுகளையும் பார்த்துவைப்பது நல்லது.

சென்ற மாதம் அதே தெருவிலிருந்து இன்னொரு வீட்டார் தங்கள் பெட்டியைத் துடைத்து எடுத்து வந்தார்கள். காஞ்சிபுரத்துக் கடைக்குத் தொலைபேசினேன். ராம் விலை ஏறிவிட்டது என்றார் அந்த இளைஞர். பழையதற்கே புதியதன் விலை கேட்கிறார்களாம். செயற்கை நுண்ணறிவுக்காக அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் எழும்பும் பெருங்கூடங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகின்றன. மைக்ரான் நிறுவனம், வீட்டுக் கணினிகளுக்கென விற்றுவந்த ‘குருசியல்’ வணிகத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. மானாம்பதிக்காரர் ஒருவரின் மேசைப் பலகை எங்கோ பறிபோகிறது. அந்த வீட்டாரிடம் இருப்பது மூவாயிரம் ரூபாய். எஸ்.எஸ்.டி.யை மட்டும் மாற்றிக்கொண்டு, 4 ஜி.பி. ராமை அப்படியே விட்டுவைக்கச் சொன்னேன். வரும் சனிக்கிழமை பேருந்தில் எடுத்துப் போகிறார்கள். படங்களை எல்லாம் பென் டிரைவில் ஏற்றியாகிவிட்டது.