நாப்பதுலயே போலாம் ரைட்!

ஒரு ஞாயித்துக்கிழமை, ஒரு பைக், டேங்க் நிறைய பெட்ரோல். 'எங்கடா போலாம்?'னு கேட்டா, சேலத்துப் பசங்க கை நேரா ஏற்காட்டைத்தான் காட்டும். அதை விட்டா கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவையும் எண்ணி முடிச்சு, ஸ்டேட்டஸ் போட்டாத்தான் நமக்கெல்லாம் டூர். மலைக்குக் கீழே ஒரு சமவெளி சும்மா பச்சைப் பசேல்னு கிடக்கே, அதை யாராச்சும் கண்டுக்கிறோமா பாஸ்?

அதனால இந்த வாரம் மலை ஏறப் போறதில்லை. ரெண்டு மலைக்கு நடுவால போகப் போறோம். ரூட் இதுதான்: சேலம், மல்லூர், ஆண்டகலூர் கேட், ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, மெட்டாலா, மங்களபுரம், மல்லியக்கரை, ஆத்தூர். மேப்ல 'சேலம் டு ஆத்தூர்'னு போட்டா இந்த வழியைக் காட்டவே காட்டாது. ஏன்னா இது சுத்து வழி. நமக்கு வேண்டியதும் அதானே!

சீலநாயக்கன்பட்டி தாண்டினதும் நாலுவழிச் சாலை. நம்ம அப்பாக்களுக்கு இது என்.எச். 7. 2010-ல நம்பரை மாத்தி என்.எச். 44 ஆக்கிட்டாங்க. ஸ்ரீநகர்ல கிளம்பி கன்னியாகுமரி வரைக்கும் போற, இந்தியாவோட நீளமான நெடுஞ்சாலை. நாமக்கல்ல பாடி கட்டின லாரிங்க நம்மளை உரசுற மாதிரி விர்ருனு போகும். பயந்துடாதீங்க. ஆண்டகலூர் கேட்ல இடது பக்கம் திரும்பினா போதும், சத்தம் பாதியா குறைஞ்சிடும்.

ராசிபுரம்னா நெய். ஊர் பேரைச் சொல்லும்போதே அம்மாக்கள் முகத்துல ஒரு வெளிச்சம் வரும். இன்னொரு மேட்டரும் இருக்கு. மால்குடியைப் படைச்ச ஆர்.கே. நாராயண் பேர்ல இருக்கிற 'ஆர்', ராசிபுரம்தான்! இல்லாத ஊரை உலகத்துக்கே பிரபலமாக்கினவர், இருக்கிற ஊரை இனிஷியல்ல வெச்சிருந்தார்.

ராசிபுரம் தாண்டினா ரெண்டு பக்கமும் குச்சிக்கிழங்குக் காடு. ஆளுயரச் செடி, விரிச்ச கை மாதிரி இலை. நடுநடுவுல சேகோ ஃபேக்டரி. லேசா ஒரு புளிச்ச வாடை மூக்குல ஏறும், கண்டுக்காதீங்க. வண்டியை ஓரங்கட்டிட்டு களத்தைப் பாருங்க. வெயில்ல வெள்ளை வெளேர்னு ஜவ்வரிசி காயுது. பாயசத்துல நாம ஒதுக்கி வைக்கிற அந்தக் குட்டி முத்துக்கு 1981-லயே சேலத்துல சேகோசர்வ்னு ஒரு கூட்டுறவு சங்கம் வந்திருக்கு. 2023-ல 'சேலம் ஜவ்வரிசி'க்கு புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு.

அடுத்து நாமகிரிப்பேட்டை. நாதஸ்வர மேதை நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் பேரோட ஒட்டிக்கிட்ட ஊர். மஞ்சளுக்கும் பேர் போன இடம். அறுவடை நேரத்துல போனா, வேகவெச்ச மஞ்சள் வாசனை ஹெல்மெட்டுக்குள்ள வரைக்கும் வரும்.

இங்கிருந்து மெட்டாலா வரைக்கும்தான் இந்த ரூட்டோட கிளைமாக்ஸ். வலது பக்கம் கொல்லிமலை, இடது பக்கம் போதமலை. நடுவுல ரோடு, ரெண்டு பக்கமும் தென்னை, பாக்கு, மஞ்சள். நாப்பதுல போனா போதும். அதுக்கு மேல போனா எதையுமே பார்க்க முடியாது.

மெட்டாலா கணவாய்ல ஆஞ்சநேயர் கோயில் இருக்கு. குரங்குங்க அட்டகாசம் அதிகம், தட்டுவடை செட் பார்சலை பத்திரமா வெச்சுக்குங்க. அப்படியே திரும்பி போதமலையைப் பாருங்க. "செம வியூ மச்சி!"னு சொல்லத் தோணும். சொல்லிட்டு, இதையும் கேளுங்க.

அந்த மலை மேல கீழூர், மேலூர், கெடமலைனு ஊர்கள் இருக்கு. சுதந்திரம் வாங்கி எழுபது வருஷம் தாண்டியும் அங்கே போக ரோடு இல்லாமலே இருந்துச்சு. தேர்தல் வந்தா அதிகாரிங்க ஓட்டு மெஷினைத் தலைச்சுமையா தூக்கிட்டு நடந்து ஏறுவாங்க. டி.வி.ல 'ஜனநாயகக் கடமை'னு நியூஸ் வரும். ஆனா அது அஞ்சு வருஷத்துக்கு ரெண்டு, மூணு தடவை வந்த நடை. உடம்புக்கு முடியாதவங்களை டோலி கட்டித் தூக்கிட்டு இறங்குனது, அந்த ஜனங்களுக்கு எப்ப வேணா வந்த நடை. பல வருஷமா கேட்டுக் கேட்டு, கடைசியில சுமார் 140 கோடி ரூபாய்ல 31 கிலோமீட்டருக்கு மலைச் சாலைத் திட்டம் வந்தது.

இதே சேலத்துல இதுக்கு நேர் எதிரான கதையும் நடந்துச்சு. 2018-ல சேலம் – சென்னை எட்டு வழிச் சாலைத் திட்டம். 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய். நாம தாண்டி வந்தோமே மல்லூர், அந்தச் சுத்துவட்டாரத்துல இருந்தெல்லாம் விவசாயிங்க 'எங்களுக்கு இந்த ரோடு வேணாம்'னு நின்னாங்க. நிலம் எடுக்குற அறிவிப்பை 2019 ஏப்ரல்ல சென்னை உயர் நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. 2020 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாத்துச்சு.

ஒரே மாவட்ட எல்லையில, ஒருத்தர் ரோடு கேட்டுப் போராடுறார், இன்னொருத்தர் ரோடு வேணாம்னு போராடுறார். ரெண்டு பேர் சொல்றதும் எனக்கு நியாயமாத்தான் படுது. மலைக்காரர் கேக்குறது தன் வீட்டு வாசல் வரைக்கும் வர்ற ரோடு. விவசாயி மறுக்கிறது தன் காட்டை ரெண்டாப் பொளந்துட்டு, தன் ஊர்ல நிக்காமலே போற ரோடு. சர்வே, அலைன்மென்ட், கிரேடியன்ட்னு கிளாஸ்ல எல்லாம் சொல்லித் தர்றாங்க. யாருக்காக இந்த ரோடுங்கிற கேள்விக்கு மட்டும் சிலபஸ்ல யூனிட் இல்லை. அதை இந்தக் கணவாய்ல நின்னு யோசிச்சா நல்லாவே புரியுது.

சரி, கிளம்பலாம். மங்களபுரம், மல்லியக்கரை தாண்டினா ஆத்தூர். வசிஷ்ட நதிக்கரையில பழைய கோட்டை இருக்கு, ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வாங்க. திரும்பி வர நாலுவழிச் சாலையிலயே சேலம் சுமார் 50 கிலோமீட்டர்தான்.

போற பிளான் இருக்கறவங்களுக்கு சின்ன டிப்ஸ்: காலையில ஆறு மணிக்கே கிளம்பிடுங்க. மழை முடிஞ்ச மார்கழின்னா பச்சை அள்ளும். பின்னாடி உட்கார்றவருக்கும் ஹெல்மெட் மஸ்ட். களத்துல காயுற ஜவ்வரிசி மேல வண்டியை ஏத்திடாதீங்க, அது ஒருத்தரோட ஒரு நாள் கூலி!