பந்தைச் சுற்றிய தாள்

போன வாரம் அக்கா பேரனுக்குப் பிறந்தநாள். கால்பந்து ஒன்று வாங்கி, பளபளக்கும் பரிசுத்தாளில் சுற்ற உட்கார்ந்தேன். அரை மணி நேரம் மல்லுக்கட்டியும் தாள் படியவில்லை. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் சுருக்கம். கடைசியில் துணிப்பையில் போட்டுக் கொடுத்தேன். அதே தாளைக் கூம்பாகச் சுருட்டுவதென்றால் கடலை விற்பவர் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடுவார்.

தட்டையான எதற்கும் இதுதான் குணம். ஒரு திசையில் வளையும். ஒரே நேரத்தில் இரு திசையிலும் வளை என்றால் முரண்டு பிடிக்கும். உலோகத் தகடும் அப்படியே. கார் கதவை அச்சில் வைத்து அழுத்திவிடலாம், ஒரே அச்சில் ஆயிரக்கணக்கான கதவுகள் வரும். வளைந்து நெளியும் கட்டடத்தில் ஒரு வளைவு போல் இன்னொன்று வராது. வளைவுக்கு ஓர் அச்சு செய்தால் கட்டுப்படியாகுமா?

ஸ்பெயினின் பில்பாவோவில் 1997இல் திறந்த, உலோக வளைவுகளாலான குகன்ஹைம் அருங்காட்சியகத்தின் படத்தைப் பார்த்தால் எனக்கு இந்தக் கேள்விதான் வரும். அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் பிராங்க் கெரி கையால் கிறுக்கிய கோடுகள் முதலில் மாதிரிகளாயின. அவற்றை, விமானம் வடிவமைக்க பிரான்சின் தஸ்ஸோ நிறுவனம் உருவாக்கிய கேட்டியா மென்பொருளில் ஏற்றினார்கள். எந்த இரும்புச் சட்டம் எங்கே நிற்க வேண்டும் என்று கணக்குச் சொன்னது அதுதான்.

மேலே போர்த்தியவை சுமார் 33,000 டைட்டானியத் தகடுகள். கனம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. முதலில் துருப்பிடிக்காத எஃகைத்தான் யோசித்தார்கள். மேகமூட்டத்தில் அது களையிழந்து தெரிந்தது. கெரியின் அலுவலகத்துக்கு வெளியே கம்பத்தில் ஒரு டைட்டானியத் துண்டை அடித்து வைத்தார்கள். மந்தாரமான ஒரு நாளில் அது பொன்னாக மின்னியது. பில்பாவோவோ மழை ஊர். ரஷ்யா டைட்டானியத்தைச் சந்தையில் கொட்டியதால் விலையும் அப்போது இறங்கியிருந்தது. அதிர்ஷ்டம்தான், வேறென்ன.

அத்தனை மெல்லிய தகடு என்பதால் ஆங்காங்கே உப்பியும் நெளிந்தும் நிற்கிறது. கார் தொழிற்சாலையில் என்றால் கழித்துப் போட்டுவிடுவார்கள். இங்கே அந்த நெளிவுதான் வெளிச்சத்தை உடைத்துச் சிதறவிடுகிறது. கட்டடத்தின் அழகில் பாதி அதில்தான் இருக்கிறது என்பேன்.

கண்ணாடிபோல் மெருகேற்றினால் என்ன ஆகும் என்பதை அதே கெரியின் இன்னொரு கட்டடம் காட்டியது. லாஸ் ஏஞ்சல்ஸில் 2003இல் திறந்த டிஸ்னி இசையரங்கில், பளபளத்த எஃகுக் குழிவுகள் வெயிலைக் குவித்து அக்கம்பக்கத்து வீடுகளில் அடித்தன. குடியிருந்தவர்கள் புகார் சொன்னார்கள். 2005இல் அந்தத் தகடுகளைத் தேய்த்து மங்கலாக்கினார்கள்.